முப்பது வரை எண்ணியது

ஜாடி மூடியைத் திறந்தால் புகை வரவேண்டும்.
வெள்ளையாய், கனமாய், மேலே போகாமல்
விளிம்பில் வழிந்து தரைக்கு இறங்குகிற புகை.
வரவில்லை.

முத்தூருக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர்
எட்டிப் பார்த்துவிட்டு நின்றுபோகிற கடைமடை.
அன்றைக்கு அது மூன்றாவது கட்டுத்தரை.
தெய்வாத்தாள் வாலை ஒதுக்கிப் பிடித்திருந்தாள்.
சொம்பில் வெந்நீர், கை பொறுக்கிற சூடு.
போன இரண்டு தடவையில் பழகிக்கொண்டது.

செவலைக் கலப்பு மாடு. விடியலிலிருந்து கத்தல்,
கண்ணாடி போல வழும்பு.
சாயங்காலம் வந்திருக்கிறேன். கணக்கெல்லாம் சரி.
"தறிக்காரர் சொல்லிப்போட்டாருங்க" என்றாள்.
புருஷனை அவள் அப்படித்தான் சொல்வாள்.
"இந்தத் தடவையும் திரும்புச்சுன்னா
வர்ற வியாழக்கெழமை வண்டியேத்திப் போடறதுன்னு."

காலையில் குச்சி விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.
நைட்ரஜன் நிற்கிற உயரத்துக்குக் குச்சியில் பனி ஏறும்.
ஒரு நிமிஷ வேலை.
பையனைப் பள்ளிக்கூட வேனுக்கு விடுகிற அவசரம்,
அப்புறம் பெட்ரோல் பங்க்கில் கூட்டம்.
இதெல்லாம் ஒரு காரணமா.

உள்ளே குழல்கள் நின்றிருந்தன,
ஈர்க்குச்சி தடிமனில், எண் அச்சடித்து.
அந்த எண்ணுக்குரிய காளை
ஆறு வருஷத்துக்கு முன்பே செத்துவிட்டது.
ஜாடிக்குள்தான் இருந்தது இத்தனை நாளும்.
இன்றைக்கு மத்தியானம், என் வண்டிக்குப் பின்னால்,
முத்தூர் வெயிலில்
இரண்டாம் முறை செத்திருக்கிறது.

சொல்லியிருக்கலாம்.
"சரக்குப் போச்சுங்க, விடியக்காலம் வர்றேன்."
பருவம் தாண்டியிருக்கும். தாண்டாமலும் இருந்திருக்கும்.
ஆனால் முந்தின இரண்டு கட்டுத்தரைகளும்
தொண்டைக்கு வந்து நின்றன.
வாயைத் திறந்தால் மூன்றும் சேர்ந்து வெளியே வரும்.

குழலை எடுத்து வெந்நீரில் போட்டேன்.
முப்பது வரை எண்ணினேன், உதடு தெரிய.
செத்ததற்குச் சூடு காட்டிக்கொண்டு
ஒன்றைக்கூட விடாமல் எண்ணினேன்.

உறை மாட்டிய இடது கை உள்ளே போனதும்
மாடு ஒரு தடவை திரும்பிப் பார்த்தது.
கருப்பை வாய், கோழிக் கழுத்துப் போல
விரல்களுக்குள் நேராய் நின்றது.
ஒரு கோளாறும் இல்லை. அதை என் கை அறியும்.

இருநூறு கொடுத்தாள்.
பெட்ரோலுக்குங்க என்று மேலே இருபது.
வாங்கிக்கொண்டேன்.

இருபத்தோராம் நாள் முதல் போன்.
மறுநாள் இரண்டாவது.
ஓடினேன். காசு வேண்டாங்க, இந்த மாசம் சலுகை என்றேன்.
மூன்றாவது போன் வரவில்லை.
பிடித்துக்கொண்டிருக்குமோ என்று நினைத்தேன்,
பதினெட்டு வருஷமாய் இதே வேலை பார்க்கிறவன்.

வெள்ளிக்கிழமை நானே போனேன்.
கயிறு மட்டும் சுருட்டி மாட்டியிருந்தது.
மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை.
தறிச் சத்தம் பக்கத்துக் கொட்டகையில்
யாரோடும் பேசாமல் ஓடிக்கொண்டிருந்தது.
"உங்களைச் சொல்ல ஒண்ணுமில்லீங்க" என்றாள்.
"மூணு தடவையும் நேரத்துக்கு வந்தீங்க.
மாடு அப்படி அமைஞ்சு போச்சு."
கருங்கல்பாளையத்தில் பதினாலாயிரத்துக்குப் போனதாம்.
கேரளா வண்டி.

போன மாசம் மறுபடி கூப்பிட்டாள்.
கிடாரி ஒன்று பிடித்திருக்கிறார்கள், காரி,
நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளை.
அதே சொம்பு, அதே சூடு.
மூடியைத் திறந்தேன்.
புகை வழிந்து அவள் பாதத்தைத் தொட்டது.
பின்னால் நகரவில்லை, குனிந்து பார்த்தாள்.

குழலை நீரில் போட்டு எண்ணத் தொடங்கியிருந்தேன்.

"ஏனுங், அந்தச் செவலைக்கு
கடைசியா வந்தன்னைக்கு
இது வரலீங்களே?"

பன்னிரண்டுதான் ஆகியிருந்தது.
முப்பதுக்கு இன்னும் நேரம் இருந்தது.